டைப் சோதனையில் தேறிய நிரல் நெட்வொர்க்கிலும் பாதுகாப்பானதா?

கேள்வி கேட்டவர் தம் நிலைமையை இப்படிச் சொல்லியிருக்கிறார்: ஆர்டர் வாங்குவது, கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, பணம் வசூலிப்பது என மூன்று சேவைகள் தனித்தனி இயந்திரங்களில் ஓடுகின்றன, இரண்டு பைத்தானிலும் ஒன்று ஜாவாவிலும் எழுதப்பட்டவை, பணம் வசூலிக்கும் பகுதி வேறொரு நிறுவனத்தின் சர்வரோடு பேசுகிறது. எல்லாவற்றையும் கறாரான டைப் சிஸ்டம் (ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, எழுத்துச் சரமா, வேறு வகையா என்று சோதிக்கும் விதிகள்) உள்ள ஒரே மொழியில் மாற்றி எழுதிவிட்டால் பாதுகாப்புச் சிக்கல்களில் பெரும்பகுதி, நிரலை ஓட்டுமுன் இயந்திரத்துக்கேற்ற வடிவுக்கு மாற்றும் கட்டத்தில், அதாவது கம்பைல் செய்யும்போதே தீர்ந்துவிடும் என்று குழுவில் ஒருவர் வாதிடுகிறாராம். அது உண்மையா என்று கேட்கிறார். எந்த மொழி என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உண்மையில் கேட்கப்பட்டிருப்பது இதுதான்: என் இயந்திரத்தில் என் கம்பைலர் தந்த உறுதி, நான் பார்த்தே இராத இன்னோர் இயந்திரத்தோடு பேசும்போதும் செல்லுபடியாகுமா? சில நிபந்தனைகளோடு ஆகும்; அந்த நிபந்தனைகளை மறந்துவிட்டால் ஆகாது. நிரல்மொழிக் கோட்பாட்டை முறையாகப் படித்துவிட்டு, பிறகு பல ஆண்டுகளாக இத்தகைய சேவைகளை எழுதிப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தகவலைச் சாவியால் பூட்டிக் காக்கும் குறியாக்கவியல் என் துறையல்ல. அதைத் தொடும் இடங்களில் டைப் சிஸ்டத்தின் பக்கத்திலிருந்து மட்டுமே பேசுவேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடலாம். டைப் சோதனையில் தேறிய நிரல் ஓடும்போது தவறாகப் போகாது என்பதைக் கணினி அறிஞர் ராபின் மில்னர் 1978-இல் கணிதமாகவே நிறுவிக் காட்டினார். ஆனால் அங்கே ‘தவறு’ என்பதற்கு மிகக் குறுகிய பொருள்: எண்ணைப் பங்ஷன் போல அழைப்பது, சரத்தைப் பட்டியல் போலப் பிரிப்பது போன்ற, மொழியே பொருள் தராத செயல்கள். பாதுகாப்பு என்ற சொல்லே அந்தத் தேற்றத்தில் கிடையாது. இருந்தாலும் அதிலிருந்து பாதுகாப்புக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறியதல்ல. 2014-இல், இணைய இணைப்புகளைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையில், எதிர்முனை ‘நான் இத்தனை பைட் அனுப்பினேன்’ என்று பொய்யாகச் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, சர்வர் தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை எடுத்துத் திருப்பி அனுப்பியது. சி மொழியில் எழுதப்பட்டதால் அது சத்தமில்லாமல் நடந்தது. நினைவகப் பாதுகாப்புள்ள மொழியில் அதே வரி, எல்லை தாண்டிய கணத்தில் பிழையாக நின்றிருக்கும். பைத்தானும் ஜாவாவும் இந்த வகையில் ஏற்கெனவே பாதுகாப்பான மொழிகள்தாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஆகவே உங்கள் குழு மாற்றி எழுதினாலும் இந்த ஆதாயம் புதிதாகக் கிடைக்கப் போவதில்லை.

அந்தத் தேற்றத்துக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: நிரல் முழுவதையும் ஒரே சோதனை பார்த்திருக்க வேண்டும். நெட்வொர்க்கில் இது உடைந்துபோகிறது. கம்பி வழியாக வருவது டைப் அல்ல, பைட். அந்தப் பைட்டுகளை ஆர்டர் என்றோ தொகை என்றோ மாற்றுகிற இடத்தில் கம்பைலர் எதையும் பார்க்கவில்லை. எதிர்முனை இப்படித்தான் அனுப்பும் என்று நிரலாளர் சொன்னதை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டோடு டைப்களைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் மொழியில் இதை ஒரே வரியில் காணலாம். ஜேசன் என்ற, தரவை எழுத்தாக அனுப்பும் வடிவில் வந்த சரத்தைப் பிரித்தால் கிடைப்பது எதற்கும் பொருந்தும் ‘எனி’ என்ற டைப். அதற்குப் பின்னால் ‘ஆஸ் ஆர்டர்’ என்று இரண்டு சொல் எழுதினால் கம்பைலர் திருப்தி அடைந்துவிடும். ஓடும்போது அந்த இரண்டு சொற்களுக்கு எந்தச் சுவடும் இல்லை, ஏனென்றால் டைப்ஸ்கிரிப்டின் டைப்கள் கம்பைல் ஆனதும் அழிந்துவிடுகின்றன. தொகை என்ற புலத்தில் சரம் வந்தாலும், வராமலே போனாலும், அது வெகுதூரம் பயணித்து வேறெங்கோதான் வெடிக்கும்.

ஜாவாவின் கதை இன்னும் கசப்பானது, ஏனெனில் அங்கே ஓடும்போதும் டைப் சோதனை உண்டு. வந்த பைட்டுகளை ரீட்ஆப்ஜெக்ட் என்ற அழைப்பால் ஆப்ஜெக்டாக்கி, பிறகு அதை எதிர்பார்த்த வகுப்புக்கு காஸ்ட் செய்வது, அதாவது அந்த வகுப்பைச் சேர்ந்ததுதானா என்று பார்த்து ஏற்பது, வழக்கம். காஸ்ட் தவறினால் பிழை எழும், ஆகவே பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். ஆனால் காஸ்ட் நடப்பதற்கு முன்பே ஆப்ஜெக்ட் உருவாகிவிட்டது. உருவாகும்போதே அந்த வகுப்புகளின் சொந்த நிரல்துண்டுகள் ஓடிவிட்டன. எந்த வகுப்பை உருவாக்குவது என்பதைத் தீர்மானித்தவர் பைட்டுகளை அனுப்பியவர். 2015-இல் அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற, ஏறக்குறைய எல்லாச் சேவைகளிலும் இருந்த ஒரு நூலகத்தின் வகுப்புகளைச் சங்கிலியாகக் கோத்து அனுப்பினால் எதிர்முனையில் விரும்பிய கட்டளையை ஓட்டலாம் என்று பலருக்கும் தெரியவந்தபோது, பெரிய வணிக சர்வர்கள் வரிசையாக அதில் சிக்கின. அந்தத் தாக்குதலில் டைப் விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. சோதனை இருந்தது, தாமதமாக இருந்தது.

இந்தச் சிக்கல் ஆய்வாளர்களுக்குத் தெரியாததல்ல. நெட்வொர்க்கில் இடம் விட்டு இடம் நகரும் நிரல்களுக்கு மாத்யூ ஹென்னெஸியும் ஜேம்ஸ் ரைலியும் வகுத்த கணிதமொழியில் இதை நேராகவே எடுத்துக்கொண்டார்கள். 1999-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், சில இடங்கள் டைப் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை, சில இடங்கள் எதற்கும் கட்டுப்படாதவை என்று வைத்துக்கொண்டு, எல்லையில் வந்து சேரும் நிரலை ஓடவிடுமுன் சோதித்தால் நல்ல இடங்களின் வளங்கள் கெட்ட இடங்களால் தவறாகப் பயன்படுத்தப்படாது என்று காட்டினார்கள். முழு நெட்வொர்க்கும் நல்லது என்று அவர்கள் சொல்லவில்லை. நல்ல பகுதி நல்லதாகவே இருக்கும் என்றுதான் சொன்னார்கள். பல இயந்திரங்களில் பரவி ஓடும் நிரல்களுக்கு டைப் சிஸ்டத்தால் எதிர்பார்க்கத்தக்க வாக்குறுதியின் வடிவம் இதுதான் என்பது என் கருத்து. இதைவிடப் பெரிதாக யாராவது வாக்களித்தால், எதை அனுமானித்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இனி, வெறும் எண், சரம் என்பதைத் தாண்டி டைப்களால் எவற்றையெல்லாம் சொல்ல முடியும் என்பதற்கு வருகிறேன். முதலாவது, உரையாடலின் ஒழுங்கு. கோஹே ஹோண்டா 1993-இல் தொடங்கி, வாஸ்கன்செலோஸ், குபோ ஆகியோரோடு 1998-இல் விரிவாக்கி, பிறகு நோபுகோ யோஷிடா, மார்கோ கார்போனே ஆகியோரோடு 2008-இல் பல தரப்பினருக்கும் நீட்டித்த செஷன் டைப் என்ற கருத்து, ஒரு இணைப்பின் டைப்பாக அதில் நடக்கவேண்டிய உரையாடலையே எழுதுகிறது: முதலில் ஆர்டரை அனுப்பு, பிறகு ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலைப் பெறு, இருந்தால் மட்டும் தொகையை அனுப்பு, ரசீதைப் பெற்று முடி. சரக்கு உறுதியாகுமுன் பணத்தை வசூலிக்கும் நிரல் கம்பைலே ஆகாது. மூன்று தரப்பு இருந்தால், முழு உரையாடலையும் ஓரிடத்தில் எழுதி, அதிலிருந்து ஒவ்வொரு தரப்புக்கும் உரிய பகுதியைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பகுதிக்கு உண்மையாக இருந்தால், அந்த ஒரு உரையாடலுக்குள் ஒருவர் மற்றவருக்காகக் காத்து எல்லோரும் முடங்கிப்போகும் நிலை வராது என்பது நிறுவப்பட்ட முடிவு.

அந்த ‘உண்மையாக இருந்தால்’ என்பதில்தான் பாதுகாப்புக் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. உங்கள் பணச் சேவையின் எதிர்முனை வேறொரு நிறுவனத்தினுடையது. அவர்களுடைய நிரலை உங்கள் கம்பைலர் பார்க்காது. அதே உரையாடல் விவரத்திலிருந்து ஒரு கண்காணியை உருவாக்கி, வரும் ஒவ்வொரு செய்தியும் அதன் முறையில்தான் வருகிறதா என்று ஓடும்போது பார்க்கலாம். அது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. இன்னொன்றும் உண்டு: இந்த டைப்களுக்கு, இணைப்பின் எந்தக் கட்டத்தையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, உரையாடலை முடிக்காமல் விடவும் கூடாது என்ற இரு கட்டுப்பாடுகளும் வேண்டும். ரஸ்ட் மொழி முதல் கட்டுப்பாட்டைத் தருகிறது. இரண்டாவதை அப்படியே தருவதில்லை, பாதியில் இணைப்பைக் கைவிட்டாலும் கம்பைலர் தடுக்காது. மேலும், இயந்திரம் பாதியில் செத்துப்போவதைத் தொடக்ககாலக் கோட்பாடு கணக்கிலேயே எடுக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எடுத்தன, ஆனால் எல்லோரும் ஏற்ற ஒரே வடிவம் இன்னும் அமையவில்லை.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தகவல் கசிவைத் தடுப்பது. டோரதி டென்னிங் 1976-77 வாக்கில் இதற்கு அடித்தளம் இட்டார். வால்பானோ, ஸ்மித், இர்வின் ஆகிய மூவரும் 1996-இல் அதை டைப் விதிகளாக எழுதி நிறுவினார்கள். ஆண்ட்ரூ மையர்ஸ் 1999-இல் ஜாவாவை ஒட்டிய மொழியாகவே கொண்டுவந்தார். ஒவ்வொரு மாறியின் டைப்போடும், இது யாருடைய தகவல், யார் படிக்கலாம் என்ற குறியும் சேர்ந்திருக்கும். ரகசிய மாறியின் மதிப்பை நேரடியாகப் பொது மாறியில் எழுதினால் மட்டுமல்ல, ரகசியம் உண்மையாக இருந்தால் பொது மாறியில் 1 எழுது என்று மறைமுகமாகக் கசியவிட்டாலும் கம்பைலர் மறுக்கும், ஏனென்றால் எந்த நிபந்தனையின் கீழ் நிற்கிறோம் என்பதையும் அது நினைவில் வைத்திருக்கிறது.

இதைப் பல இயந்திரங்களுக்குக் கொண்டுசென்றபோது என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஸ்டீவ் ஸ்டான்செவிக், லாண்டியன் ஷெங், நதானியல் நிஸ்ட்ராம், மையர்ஸ் ஆகியோர் 2001-இல் ஒரு கம்பைலரைச் செய்தார்கள். நிரலாளர் ஒரே நிரலாக எழுதுவார். எந்த இயந்திரத்தை யார் நம்புகிறார்கள் என்று தனியே சொல்வார். தரவையும் நிரலையும் எந்த இயந்திரத்தில் வைக்கலாம் என்று கம்பைலரே பிரிக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் ஆலிஸிடம் இரண்டு மதிப்புகள் இருக்கின்றன. பாப் அவற்றில் ஒன்றை மட்டும் பெறலாம். எதைப் பெற்றார் என்பது ஆலிஸுக்குத் தெரியக் கூடாது. இரண்டு மதிப்புகளும் ஆலிஸுடையவை, ஆகவே அவற்றை ஆலிஸின் இயந்திரத்தில் வைப்பதில் என்ன தவறு என்று தோன்றும். தவறு இருக்கிறது. பாப் முதலாவதைத் தேர்ந்தால் ஆலிஸின் இயந்திரத்துக்கு ‘முதலாவதைக் கொடு’ என்ற கோரிக்கை போகும். மதிப்பு எதுவும் ஆலிஸிடம் போகவில்லை. கேள்வியே பாப்பின் தேர்வைச் சொல்லிவிடுகிறது. ஒரே இயந்திரத்தில் ஓடும் நிரலில் மாறியைப் படிப்பது யாருக்கும் எதையும் சொல்லாது. நெட்வொர்க்கில் படிப்பதும் ஒரு செய்தி. ஆகவே ஒவ்வொரு புலமும் இருக்கும் இயந்திரம், அது எந்தச் சூழலில் படிக்கப்படுகிறது என்பதை அறியத் தகுதியானதா என்றும் அந்தக் கம்பைலர் சோதித்தது. தேர்வைப் பார்க்குமுன் இரண்டு மதிப்புகளையும் இருவரும் நம்பும் மூன்றாம் இயந்திரத்துக்குப் படியெடுத்துவிடுவது ஒரு தீர்வு. பொருத்தமான இயந்திரம் இல்லையென்றால் நிரலைப் பிரிக்கவே கம்பைலர் மறுக்கும்.

அந்த மறுப்பைத்தான் நான் இந்தத் துறையின் சிறந்த பலனாகக் கருதுகிறேன். ஒரு இயந்திரம் தாக்குபவர் கைக்குப் போனால் அதை நம்பியவர்களுடைய தகவல்தான் போகும், நம்பாதவர்களுடையது போகாது என்ற இலக்கை முன்கூட்டியே எழுதி, அதற்கு முடியாத வடிவமைப்பை ஓடுமுன்பே தள்ளிவிடுவது வேறு எந்தக் கருவியாலும் எளிதில் ஆவதில்லை. இதே குழுவின் வழிவந்த ஃபேப்ரிக் என்ற அமைப்பு 2009-இல், ஒருவரையொருவர் முழுதாக நம்பாத பல நிறுவனங்கள் தரவைப் பகிரும் சூழலுக்கு இதை விரித்தது. ஆனாலும் இவை அன்றாட உற்பத்திச் சூழலுக்குள் பரவவில்லை. காரணம் எளிது: குறிகளை எழுதும் உழைப்பு அதிகம், மேலும் எந்த உண்மையான சேவையும் ஏதோ ஓர் இடத்தில் ரகசியத்தின் ஒரு துளியை வெளியிட்டே ஆக வேண்டும். கடவுச்சொல் சரியா தவறா என்று சொல்வதே அத்தகைய வெளியீடுதான். அதற்காகத் திறக்கும் சன்னல்கள் பெருகினால் தேற்றத்தில் மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். நேரம் என்ற கசிவும் இருக்கிறது: ஒரு கிளை ஓட 2 மில்லிவினாடி, மற்றது 9 மில்லிவினாடி என்றால், பெரும்பாலான டைப் சிஸ்டங்கள் அதைக் காண்பதில்லை. 2018-இல் வெளியான ஸ்பெக்டர் என்ற தாக்குதல், மொழியின் விதிக்குக் கட்டுப்பட்ட நிரலிலிருந்தும் அடுத்து வருவதைச் சில்லு ஊகித்து முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பதன் வழியாக ரகசியம் கசியலாம் என்று காட்டியது.

மூன்றாவது, குறியாக்க நெறிமுறைகள். நீட்ஹாம், ஷ்ரோடர் இருவரும் 1978-இல் வெளியிட்ட பொதுச்சாவி நெறிமுறையில் (யார் வேண்டுமானாலும் ஒருவருடைய பொதுச்சாவியால் பூட்டலாம், திறக்க அவரால் மட்டுமே முடியும்) மூன்று செய்திகள் முக்கியம்: ஆலிஸ் தன் புதிய எண்ணையும் பெயரையும் பாப்பின் சாவியால் பூட்டி அனுப்புகிறார், பாப் அந்த எண்ணையும் தன் புதிய எண்ணையும் ஆலிஸின் சாவியால் பூட்டித் திருப்புகிறார், ஆலிஸ் பாப்பின் எண்ணைத் திருப்பி அனுப்பி முடிக்கிறார். 17 ஆண்டுகள் கழித்து, 1995-இல், கேவின் லோ இதில் ஓட்டையைக் கண்டார். ஆலிஸ் ஒரு மோசடிக்காரரோடு முறையாகவே பேசத் தொடங்கினால், அவர் அந்தச் செய்தியை பாப்பிடம் திருப்பிவிட்டு, பாப்பின் பதிலை ஆலிஸைக் கொண்டே திறக்கவைத்து, தான்தான் ஆலிஸ் என்று பாப்பை நம்பவைக்கலாம். இரண்டாம் செய்தியில் பாப்பின் பெயர் இல்லாததே காரணம். அதைச் சேர்த்ததும் அடைபட்டது. மார்ட்டின் அபாதி, ஆண்ட்ரூ கோர்டன், ஆலன் ஜெஃப்ரி போன்றோர் இந்த வகைத் தவறுகளை டைப் விதிகளால் பிடிக்க முயன்றார்கள்: ‘இவரோடு பேசத் தொடங்கினேன்’ என்ற உறுதி எங்கோ எழுதப்பட்டிருந்தால் ஒழிய ‘இவரோடு பேசி முடித்தேன்’ என்று முடிக்க டைப் அனுமதிக்காது. பெயரை விட்டுவிட்டால் இரண்டு முனைகளையும் கட்ட வழி இருக்காது, நிரல் தேறாது. இதன் தொடர்ச்சியாக எஃப்7, எஃப்ஸ்டார் போன்ற மொழிகள் வந்தன. எஃப்ஸ்டாரில் சரிபார்க்கப்பட்டு சி மொழிக்கு மாற்றப்பட்ட குறியாக்க நிரல் 2017 முதல் பயர்பாக்ஸ் உலாவியில் ஓடுகிறது. ஆய்வகத்தோடு நின்றுவிடாத உதாரணம் இது. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது நிபுணர்களின் பல ஆண்டு உழைப்பு. ஒரு ஆர்டர் சேவைக்கு யாரும் அதைச் செய்யப் போவதில்லை, செய்யவும் தேவையில்லை. அவர்கள் சரிபார்த்ததை எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் குழுவுக்கு நான் சொல்வது, மாற்றி எழுதுவதற்கு முன் எல்லைகளை எழுதிப் பாருங்கள் என்பதே. மூன்று சேவைகளில் வெளியிலிருந்து பைட் நுழையும் ஒவ்வொரு இடத்திலும், சோதிக்கப்படாதது, சோதிக்கப்பட்டது என்று இரண்டு தனி டைப்களை வையுங்கள். சோதிக்கப்பட்ட தொகை என்ற டைப்பை உருவாக்கும் ஒரே வழி சோதனைப் பங்ஷனாக இருக்கட்டும். வேறெந்தக் கோப்பிலிருந்தும் அதை உருவாக்க முடியாதபடி மறைத்துவிடுங்கள். அதன்பின் உள்ளே இருக்கும் நிரலில் கம்பைலர் தரும் உறுதி உண்மையான உறுதியாகிறது. ஜாவாவின் சொந்த சீரியலைசேஷனை (மேலே சொன்ன, பைட்டுகளை ஆப்ஜெக்டாக்கும் முறையை) நெட்வொர்க்கில் எங்கும் வைத்திருக்காதீர்கள். அதே வேலையைச் செய்யும் பைத்தானின் பிக்கிள் நூலகத்துக்கும் இதே தடை பொருந்தும், அதன் ஆவணமே நம்பாத தரவைத் திறக்காதே என்று எச்சரிக்கிறது. செய்தியின் வடிவத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் புரோட்டோபஃப் போன்ற விவரமொழி நல்ல மாற்றுதான், ஆனால் அதையே சோதனையாக எண்ண வேண்டாம்: அதன் மூன்றாம் பதிப்பில், விருப்பப் புலம் என்று குறிக்காத எண் புலம் செய்தியில் வராமல் போனால் படிப்பவருக்கு 0 என்றே தெரியும். தொகை 0 என்று அனுப்பினார்களா, அனுப்பவே இல்லையா என்று உங்களால் வேறுபடுத்த முடியாது. பணச் சேவையில் இந்த வேறுபாடு முக்கியம்.

எதிர்முனை யார் என்பதை டைப் சொல்லாது. இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் டிஎல்எஸ் என்ற குறியாக்கிய இணைப்பு அதற்கு வேண்டும். அந்த இணைப்பிலிருந்து கிடைத்த அடையாளத்தை ஒரு டைப்பாக்கி, அது இல்லாமல் வசூல் பங்ஷனை அழைக்கவே முடியாதபடி வைத்தால், அனுமதி சோதிக்க மறந்துபோகும் தவறு கம்பைல் பிழையாக மாறிவிடும். இந்த அளவுக்கு, ஓடுமுன்பே சோதிக்கப்படும் டைப்கள் உங்களுக்கு உடனடியாகப் பயன்படும் என்று தயங்காமல் சொல்வேன். பைத்தானிலேயே டைப் குறிப்புகளை எழுதி மைபை என்ற சோதனைக் கருவி கொண்டு சோதித்தாலும் இதில் ஒரு பங்கு கிடைக்கும், ஆனால் அங்கே மறைக்கப்பட்டதை யாரும் மீறி அணுகலாம் என்பதால் ஒழுக்கம் நிரலாளரிடம் இருக்க வேண்டும்.

மாற்றி எழுதியே தீர வேண்டும் என்றால் பணச் சேவையில் தொடங்குங்கள், அதிலும் அந்நிய நிறுவனத்தோடு பேசும் பகுதியிலிருந்து. செஷன் டைப் நூலகங்களை அந்த ஓர் உரையாடலுக்கு மட்டும் முயன்று பார்க்கலாம். அது சிறியது, ஒழுங்கு தவறினால் பணம் போகும் இடம், ஆகவே உழைப்புக்கு ஈடு உண்டு. கிடங்குச் சேவை உங்கள் சொந்த நெட்வொர்க்குக்குள் உங்கள் சேவைகளோடு மட்டும் பேசுகிறது என்றால், எல்லைச் சோதனையை மட்டும் சேர்த்துவிட்டு அதைப் பைத்தானிலேயே விட்டுவைக்கலாம்.